ஈட்டியா, சொளகா?

டார்ச் லைட்டுக்கு மாப்பிள்ளை பார்த்துக் கொடுத்த ஆள், எனக்குத் தெரிந்து, உலகத்திலேயே போகஸ்காரர் ஒருத்தர்தான்.

அவருக்கு வேறு பேர் இருந்திருக்கும். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுக்கு முந்தி, பாதி கிராமத்துக்குக் கரண்டு வராத காலம். கல்யாணமானவன், ஆடு விற்றவன், எல்லாரும் லைட்டு வாங்க அங்கேதான் வருவார்கள்.

வந்தவுடன் கொடுத்துவிட மாட்டார்.

"ஈட்டியா, சொளகா?"

வந்தவன் முழிப்பான்.

லைட்டின் தலையைத் திருகிக் காட்டுவார். ஒரு பக்கம் திருகினால் வெளிச்சம் குவிந்து ஈட்டி மாதிரி தூரம் ஓடும். மறுபக்கம் திருகினால் அரிசி புடைக்கிற சொளகு மாதிரி விரியும். தூரம் போகாது. கிட்டத்தில் இருக்கிறது அத்தனையும் தெரியும்.

எல்லாருக்கும் ஈட்டிதான் வேணும்.

"மலைக்கோட்டை வரைக்கும் அடிக்குமாண்ணே?"

"அங்க யாருப்பா ஒனக்குச் சோறாக்கி வச்சிருக்கா?"

அப்புறம் பரீட்சை. கடைக்குப் பின்னால் சாக்குப் படுதா போட்டு ஒரு இருட்டறை. அதில் கண்ட இடத்தில் செங்கல் கிடக்கும். ஈட்டி கேட்டவனை உள்ளே விட்டு நடக்கச் சொல்வார். எதிர்ச் சுவரில் நிலா மாதிரி வட்டம் விழும். அதையே பார்த்துக்கொண்டு போய்ச் செங்கலில் இடறி விழுவான்.

"செவரு தெரிஞ்சுச்சா?"

"தெரிஞ்சுச்சு."

"காலு?"

விழுந்தவர்களில் பாதிப் பேர் அடுத்த கடைக்குப் போய்விட்டார்கள். அவர் கவலைப்படவில்லை.

விற்ற லைட்டையும் விடமாட்டார். பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் போகிற மாதிரி சைக்கிளில் ஊர் ஊராகப் போவார். மோர் வாங்கிக் குடிப்பார். பிறகு, "எங்க, புள்ளைய வரச் சொல்லுங்க" என்பார். லைட்டைக் கொண்டுவர வேண்டும். பாட்டரிக் கட்டையைக் கழற்றி மோந்து பார்ப்பார். ஒரு வீட்டில் லைட்டை உப்புப் பானைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். பித்தளையில் பச்சை பூத்திருந்தது. லைட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அந்த வீட்டுக்காரர் பெரிய மனுசர் ரெண்டு பேரைக் கூட்டிவந்து, இனிமேல் நல்லபடி வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லித்தான் மீட்டுப் போனார்.

எனக்குக் கிணற்றில் தூர் வாருகிற வேலை. அன்றைக்கு அகரம் கிராமத்தில் ஒரு தோட்டக்காரர் கிணறு. அறுபதடி, பாறைக்கிணறு. சித்திரை வெயில். உச்சி சாய்ந்தால் அடியில் இருட்டிவிடும். அதற்காகத் தோட்டக்காரர் மேலே நின்று லைட்டடித்தார். போகஸ்காரரிடம் சண்டை போட்டு வாங்கிய அஞ்சு கட்டை லைட்டு.

முழங்கால் சேற்றில் நின்றேன். சுவரில் என்னமோ சீறியது.

"பாம்பு!" என்றேன்.

தோட்டக்காரர் லைட்டை அடித்தார். தட்டு அகலத்துக்கு ஒரு வட்டம். அதில் ஒரு சாண் உடம்பு தெரிந்தது. தலையுமில்லை, வாலுமில்லை. வட்டம் நகர்ந்ததும் அதுவும் காணோம்.

"தெரியுதா?"

"பாதி."

"எந்தப் பாதி?"

அதுதான் எனக்கும் தெரியவில்லை. அடுத்த வட்டம் என் கண்ணில் விழுந்தது. பிறகு ஒன்றுமே தெரியவில்லை. கயிறு எந்தப் பக்கம் தொங்குகிறது, கையை எங்கே வைப்பது, எதுவும். வலது பக்கச் சுவரில் ஒண்டி நின்றேன். வீட்டில் பிள்ளை பிறந்து பதினோரு நாள்.

அப்போதுதான் மேலே சைக்கிள் மணி கேட்டது. போகஸ்காரர், லைட்டைப் பார்க்க வந்திருக்கிறார்.

"தலையைத் திருகுய்யா! விரி!"

"திரும்பாது. எவனும் கெடுத்துரக் கூடாதுன்னு அரக்கு வச்சு ஒட்டிட்டேன்."

"அரக்கா? எம் புள்ள கழுத்துலயா?"

கீழே நான் நிற்கிறேன். மேலே அரக்குக்குச் சண்டை. நான் கத்தினேன்.

"அண்ணே, சண்டையப் பெறகு வச்சுக்கங்கண்ணே!"

சத்தம் நின்றது. போகஸ்காரர் தன் ரெண்டு கட்டை லைட்டை எடுத்தார். முழுக்க விரித்தார். அறுபதடிக்கு அது எட்டாது. அவருக்குத் தெரியும். வாளிக் கயிற்றில் கட்டி, முகம் கீழே பார்க்க இறக்கினார். லைட்டு என் தலைக்கு மேலே வந்து நின்றது.

கிணறு மொத்தமும் தெரிந்தது. மங்கல்தான். ஆனால் சேறு, கூடை, கயிறு, எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. பாம்பும் இருந்தது, முழுசாக. தலை நான் ஒண்டியிருந்த பக்கம். தோளுக்கு ஒரு முழம் தூரம்.

"அப்பு, அசையாத," என்றார் போகஸ்காரர் மேலேயிருந்து. "செத்த நேரம் நில்லு. இப்ப எடது பக்கமா வா. மெல்ல."

வந்தேன். இடுப்பில் கயிற்றைக் கட்டினேன். மேலே கூடை இழுத்துக்கொண்டிருந்த நாலு பேர் இழுத்தார்கள். லைட்டும் என் கூடவே ஏறி வந்தது, ஒரு சாண் முந்தாமல், ஒரு சாண் பிந்தாமல்.

மேலே வந்து உட்கார்ந்ததும் எல்லாரும் கூடிவிட்டார்கள். நல்லபாம்பா, சாரையா என்று கேட்டார்கள். நான் விசாரித்துக்கொள்ளவில்லை. மூச்சு விட்டேன். அது போதுமாக இருந்தது.

போகஸ்காரர் லைட்டைத் துடைத்துக்கொண்டு என்னைத் திட்டினார். "ஏலே, பாம்பு இருக்குற கெணத்துல எறங்குறவன் சொளகு கொண்டு போக வேணாமா? அம்புட்டு அறிவு வேணாமா?"

சட்டை போடாத மனுசர். லைட்டுக் கயிற்றை நேராகப் பிடிக்கக் கிணற்று மேட்டுக் கல்லில் குப்புறப் படுத்திருந்திருக்கிறார். வெயில் குடித்த கல். நெஞ்சு, வயிறு எல்லாம் சிவந்து கொப்புளம் போட்டிருந்தது. அது அவருக்கு இன்னும் தெரியவில்லை.

எனக்குச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். வாங்கி அவர் நெஞ்சில் ஊற்றினேன்.