இண்டர்வெல் அங்கிளின் உலக மகா படம்

பல்வலி என்று டாக்டரிடம் போய், சினிமாவுக்காக அதே பல்வலியோடு திரும்பி வந்த மனிதர் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இண்டர்வெல் அங்கிள் ஒருவர்தான். வாயைத் திறக்கும் முன், "உலகத்திலேயே பெஸ்ட் படம் எது டாக்டர்?" என்று கேட்டிருக்கிறார். அந்த டாக்டரம்மா பாவம், ஏதோ கலர் படத்தைச் சொல்லிவிட்டார். "அப்ப உங்ககிட்ட என் பல்லைக் குடுக்க முடியாதுலா" என்று எழுந்து வந்துவிட்டார். கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது.

அவருக்குச் சிறந்த படம் ஒன்றே ஒன்று. பழைய கறுப்பு வெள்ளை. பெயரை எழுதினால் உங்களில் பாதிப் பேர் சண்டைக்கு வருவீர்கள், விட்டுவிடுகிறேன். நாங்கள் பசியாறும் கடையில் தினமும் அதன் கதையைச் சொல்வார். கதாநாயகி கிணற்றில் குதிக்கப் போகும் இடத்தில் நிறுத்தி, "இண்டர்வெல்!" என்று கத்திவிட்டு தே தாரிக் குடிப்பார். பக்கத்து மேசைக்காரர்கள் ரொட்டி சானாயைக் கையில் பிடித்தபடி காத்திருப்பார்கள். பெயர் வந்தது அப்படித்தான்.

அவர் வீட்டு மாடியறையை வாடகைக்குக் கேட்டு வந்தார் ஒரு சென்னை என்ஜினீயர். "அந்தப் படம் பார்த்ததில்லை சார்" என்றார். "பார்க்காதவனுக்கு எதுக்கு ஜன்னல் வச்ச ரூம்?" கதவு சாத்தப்பட்டது.

இதுவரை சிரிக்கலாம். கிள்ளானில் தம்பி மகள் கல்யாணத்தில் நடந்ததற்குச் சிரிக்க முடியாது. தம்பி மைக்கைப் பிடித்து, விருந்தாளிகளைச் சிரிக்க வைக்க, "எங்கண்ணன் கொண்டாடுற படம் சுத்த அறுவைலா" என்று சொல்லிவிட்டார். மண்டபமே சிரித்தது. அங்கிள் பிரியாணிக் கையோடு வெளியேறினார். அத்தோடு பேச்சு நின்றது. சில வருடங்களில் தம்பி மாரடைப்பில் போனார். அங்கிள் தம்பி வீட்டு கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றுவிட்டு, உள்ளே போகாமலே திரும்பினார்.

"அவன்தான் முதல்ல பேசணும்னு இருந்துட்டேன்" என்றார் என்னிடம்.

போன வருடம் அந்தப் படத்தைப் புதுப்பித்து, கிள்ளானில் ஒரு மால் தியேட்டரில் போட்டார்கள். அங்கிள் வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். ரயிலில் போகும்போதுதான் எனக்குத் தெரிந்தது, அவர் அதைப் பார்த்ததே ஒரு தடவைதான். சிறு வயதில், அந்தத் தம்பியை மடியில் உட்கார வைத்துக்கொண்டு. டிவியில் பார்ப்பது படத்துக்கு அவமரியாதையாம்.

தியேட்டரில் கூட்டமே இல்லை. கிணறும் இல்லை. கதாநாயகி கடைசிவரை அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். நான் நடுவில் நன்றாகத் தூங்கினேன்.

வெளியே வந்ததும் கேட்டேன்: "எப்படி அங்கிள்?"

"சுமார்தான்லா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்ப நாளைக்குக் கடையில என்ன சொல்லுவீங்க?"

"நாளைக்கும் அதான் பெஸ்ட் படம். ஒரு சுமார் படத்துக்காகத் தம்பியத் தொலைச்சேன்னு யார்கிட்டப் போய்ச் சொல்றது?"

மறுநாள் வழக்கத்தைவிடச் சத்தமாகப் பேசினார். கடைக்காரர் என்னிடம் திரும்பி, "நீங்களும் போனீங்களே, நெசமாவே படம் அப்படியாண்ணே?" என்றார். அங்கிள் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதை மிஞ்ச உலகத்துல படமே இல்ல" என்றேன்.

இன்று நீங்கள் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.