பத்து விநாடிக்குள் மூன்று வரி

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. நான் நலம், இடுப்பும் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். இல்லாவிட்டால் என்னைத் தூக்கிக்கொண்டு போக ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுத்து வரும் அளவுக்குத் தெம்பு இருக்காது.

கையெழுத்து யாருடையது என்று யோசிக்க வேண்டாம், என்னுடையதுதான். நான் சொல்லச் சொல்ல வேறு யாரும் எழுதவில்லை. எழுபத்தொரு வயது வரை கட்டைவிரலை மையில் தோய்த்தவன், ஐந்து மாதமாகப் பள்ளிக்கூடத்தின் பின்னறையில் முதியோர் வகுப்புக்குப் போகிறேன். நாற்பத்தாறு வருஷம் குழாய் வேலை பார்த்தவனுக்குக் குழாய் என்று எழுத இப்போதுதான் வந்திருக்கிறது. இரண்டாவது எழுத்தில் இருக்கிற வளைவை நான் இரும்பில்கூட வளைத்ததில்லை. இதை உங்களிடமும் என் பெண் குருவியிடமும் மறைத்ததற்குக் காரணம் உண்டு. என் முதல் கடிதம் மகளுக்குப் போக வேண்டும், அவள் பிரித்துப் பார்த்துத் திகைக்க வேண்டும் என்று ஆசை. அவள்தான் என்னோடு பேசுவதில்லையே, அதனால் முதல் கடிதம் உங்களுக்கு வந்துவிட்டது. பத்திரமாக வையுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்குப் புத்தி பிசகிவிட்டது, டாக்டரிடம் காட்டிவிட்டு அப்படியே உங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட வேண்டும், இந்த வீட்டைப் பூட்டிவிட வேண்டும் என்று நீங்கள் இரண்டு பேரும் முடிவு செய்திருப்பதாகப் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா நேற்றுச் சொன்னார். நான் தெளிவாகத்தான் இருக்கிறேன். கோளாறு கம்ப்யூட்டரில் இருந்தது, அதையும் நானே சரி செய்துவிட்டேன். எப்படி என்பதைக் கேளுங்கள்.

நான் குளியலறையில் வழுக்கி விழுந்த பிறகு நீங்கள் வந்து அந்தக் கம்ப்யூட்டரை மேஜையில் வைத்தீர்கள், அதன் தலையில் ஒரு கேமராவையும் மாட்டினீர்கள், ஏதேதோ விளக்கமாகச் சொன்னீர்கள், நானும் தலையாட்டினேன். உண்மையில் ஒன்றும் கேட்கவில்லை. மேஜைக்கடியில் நீங்கள் ஒயரைச் சுருட்டி வைத்திருந்த லட்சணத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் குருவி போனில் "எங்ககூட வந்துடுப்பா" என்றாள், நான் வகுப்பை விட்டுவிட்டு எப்படி வருவது, காரணத்தையும் சொல்ல முடியாது, "வர முடியாது போ" என்றேன், அவள் "வர்றேன்னு சொல்ற வரைக்கும் உன்கூடப் பேச மாட்டேன்" என்று வைத்துவிட்டாள். அதற்கு மறுநாள் சாயங்காலம் நான்கு மணிக்கு, யாரும் தொடாமல், கேமராவின் பச்சை விளக்கு தானாக எரிந்தது. திரையில் ஒரு கறுப்புக் கட்டம். கால் மணி நேரம் கழித்துத் தானாக அணைந்தது. மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும் அப்படியே.

பயப்படுகிற ஆளா நான்? சொட்டுகிற இடத்தில் கோளாறு இருக்காது மாப்பிள்ளை, மேலே எங்கேயோ இருக்கும், ஒவ்வொரு வால்வாக மூடிக்கொண்டே போனால் பிடிபட்டுவிடும். அதுதான் என் தொழில். முதல் நாள் மவுஸைப் பிடுங்கினேன், எரிந்தது. இரண்டாம் நாள் கீபோர்டைப் பிடுங்கினேன், எரிந்தது. மூன்றாம் நாள் சுவரிலிருந்தே பிளக்கைப் பிடுங்கினேன், எரியவில்லை, ஆனால் ஊருக்கே தண்ணீரை நிறுத்திவிட்டு ஒழுகல் நின்றுபோச்சு என்று சொல்கிறவனை நான் என் வேலைக்குச் சேர்த்ததே இல்லை. மறுபடி மாட்டினேன். குழாய் மரையில் சுற்றுகிற வெள்ளை நாடா ஒரு சுருள் மிச்சம் இருந்தது, அதைக் கேமராவைச் சுற்றிச் சுற்றி, பல்லால் கடித்து அறுத்தேன், நாடா மீசையிலும் ஒட்டிக்கொண்டது. அப்போதும் உள்ளே விளக்கு பச்சையாக மினுங்கியது, நாடாவைப் பிய்த்து எறிந்தேன். கடைக்கார மெக்கானிக்கைக் காலையில் வரவழைத்தேன். பார்த்துவிட்டு, "இப்ப எரியலையே பெரியவரே" என்றார். "நாலு மணிக்கு வாங்க, எரியும்" என்றேன். "நாலு மணிக்கு எனக்கு வேற வீடு இருக்கு" என்று போய்விட்டார். நேரம் பார்த்து ஒழுகுகிற குழாயை நான் ராத்திரி பகல் உட்கார்ந்து பிடித்திருக்கிறேன், இந்தக் காலத்து ஆட்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

அன்றுதான் கவனித்தேன், விளக்கு எரிவதற்குச் சற்று முன்னால் திரையில் எழுத்து வருகிறது. எழுத்து! நான் படிக்கத் தெரிந்தவன் அல்லவா, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். முதல் நாள் "இன்னும் பத்து" வரை வந்தேன், எழுத்து மறைந்துவிட்டது. இன்னும் பத்து என்ன? பத்து நாளா? எனக்கா, கம்ப்யூட்டருக்கா? அன்று சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் "இன்னும் பத்து வி" வரை. நடுவில் தாண்டிப் போய்க் கடைசியைப் பார்த்திருக்கலாம் என்பீர்கள். எங்கள் டீச்சரம்மா கண்டிப்பானவர், ஆரம்பத்திலிருந்து விரல் வைத்துப் படிக்க வேண்டும், தாண்டக் கூடாது. தையல்காரம்மாவைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லியிருக்கலாம் என்பீர்கள். படிக்கத் தெரியும் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்தவன் எந்த முகத்தோடு கூப்பிடுவது? பகலெல்லாம் செய்தித்தாளில் பழகினேன். ஒரு வாரத்தில் முதல் வரி முழுசாக வசப்பட்டது: "இன்னும் பத்து விநாடியில் கேமரா தானாக இயங்கும்." பாருங்கள், தினமும் சொல்லிவிட்டுத்தான் எரிந்திருக்கிறது, கேட்கிற ஆளுக்குத்தான் வேகம் பத்தவில்லை.

நேற்று நான்கு மணி. முதல் வரியை ஒரே மூச்சில் முடித்தேன், இரண்டாம் வரிக்குப் பாய்ந்தேன்: "வேண்டாமென்றால் கீழே அழுத்தவும்." அழுத்தினேன்! உடனே பெரிய எழுத்தில் "இனி எப்போதுமே வேண்டாமா?" என்று கேட்டது. அதையும் விரல் வைக்காமலே படித்துவிட்டேன் மாப்பிள்ளை, அந்தச் சந்தோஷத்தில் "ஆம்" என்பதையும் அழுத்தினேன். விளக்கு எரியவில்லை. ஐந்து மாதப் படிப்பு ஒரு ஒழுகலை நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு பார்த்தால் திரையின் அடியில் மூன்றாம் வரி ஒன்று மிச்சம் இருந்தது: "அழைப்பவர்: குருவி."

ஒன்றும் புரியாமல் தையல்காரம்மா வீட்டுக்குப் போனேன். அவர் தைப்பதை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன் பெரியவரே, தினமும் அந்தப் பொட்டி முன்னால உக்காந்து, விரலை ஆட்டி ஆட்டி, இன்னும் பத்து, இன்னும் பத்துன்னு புலம்புறீங்களாமே? மீசையில வெள்ளையா என்னத்தையோ வேற ஒட்டிக்கிட்டிருந்தீங்களாம்?"

"யார் சொன்னது?"

"உங்க பொண்ணுதான். போன் பண்ணி ஒரே அழுகை. அப்பாவுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு."

"அவ எங்க பார்த்தா?"

"அந்தக் கேமரா வழியாத்தான். வேலை செய்யற இடத்துல நாலு மணிக்கு டீக்கு விடுவாங்களாம். தன் முகத்தை மூடிக்கிட்டு, சத்தத்தையும் அடைச்சுட்டு, உங்களையே பார்த்துக்கிட்டு இருக்குமாம்."

"என்கூடப் பேச மாட்டேன்னு சொன்னவளாச்சே!"

"பேச மாட்டேன்னுதானே சொன்னேன், பார்க்க மாட்டேன்னு சொன்னேனாங்குது!"

வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்படியே என் வாய்ச்சாலகம்தான் அவளுக்கு.

ஆகவே மாப்பிள்ளை, நான் புலம்பவில்லை, படித்தேன். விரலை ஆட்டவில்லை, வரியைத் தொடர்ந்தேன். இதை எழுத நேற்று ராத்திரியும் இன்று காலையுமாக மூன்று பேனா முனை தேய்ந்தது. இப்படி எழுதுகிறவனுக்கு எந்த டாக்டர் தேவை? ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். வண்டிக்குச் சொல்லியிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன், என்னை வீடு பார்த்துக்கொள்ளும். திருட்டுத்தனமாக எட்டிப் பார்க்கிற வழியையும் அடைத்தாயிற்று. அவளுக்குப் பார்க்க வேண்டுமென்றால் அப்பா என்று கூப்பிட்டுப் பார்க்கட்டும். இதை அவளிடம் நீங்கள் கொஞ்சம் பதமாகச் சொல்லவும்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம். குருவிக்கு என் ஆசி, அவள் கேட்காவிட்டாலும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார் (கையொப்பம், கட்டைவிரல் அல்ல)

பி.கு.: இதை மடித்து உறைக்குள் வைத்தபோது மணி மூன்றே முக்கால். எதற்கும் இருக்கட்டும் என்று சட்டையை மாற்றி, மீசையைச் சீவிக்கொண்டு, கடிதத்தை மறுபடி பிரித்து கேமராவுக்கு நேராகப் பிடித்தபடி உட்கார்ந்தேன். நான்கு ஆயிற்று. நான்கே கால் ஆயிற்று. விளக்கு எரியவில்லை. கை வலிக்கிறது. நான் கூப்பிட்டால் அவள் பேச மாட்டாள். பார்த்துக்கொண்டாவது இருந்தாள், அதையும் நான் நன்றாக இறுக்கி மூடிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வரவும். டாக்டரிடம் வேண்டுமானாலும் வருகிறேன். அதற்கு முன்னால் இந்தக் கேமராவைப் பழையபடி தானாக எரிகிற மாதிரி செய்து கொடுக்க வேண்டும். இந்த முறை நீங்கள் சொல்வதை நான் காது கொடுத்துக் கேட்பேன். எழுதியும் வைத்துக்கொள்வேன்.