குழியில் இறங்கிய எழுபத்தெட்டு கிலோ

என் பொண்டாட்டி இளைக்க வேண்டும் என்று இந்த முள்ளிப்பட்டிலேயே அவளைவிட அதிகமாக ஆசைப்பட்டவன் நான்தான். ஆசை நல்ல ஆசை. காரணம்தான் கொஞ்சம் அழுக்கு. உங்களிடம் மட்டும் சொல்கிறேன், அவளிடம் போய்ச் சொல்ல வேண்டாம். சொன்னாலும் ஒன்றுமில்லை. அவளுக்குத் தெரியும்.

அவள் பெயர் அபிதகுசாம்பாள். முழுப் பெயரையும் கூப்பிட்டு முடிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிடும். அதனால் ஊருக்கு அபிதா, எனக்கு 'ஏமே'. வயது நாற்பத்தொன்பது. பொண்ணைக் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. வீட்டில் நாங்கள் ரெண்டு பேர், ஒரு பட்டுத்தறி. தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு மிதியை மிதித்து நெய்கிறவன் நான். முப்பத்தோரு வருசமாக அது என் இடம். பக்கத்தில் ராட்டையை வைத்துக்கொண்டு, குறுக்கே ஓட்டுகிற பட்டு நூலை எனக்குத் தாராகச் சுற்றித் தருகிறவள் அவள். அவள் சுற்றினால் நான் நெய்வேன். அவள் எழுந்தால் நானும் எழுந்து டீக்கடைக்குப் போவேன். உண்மையைச் சொன்னால், அவள் எழாவிட்டாலும் போவேன்.

ஒரு நாள் ஆரோக்கியசெல்வி சிஸ்டர் வந்தது. தெருத்தெருவாக வந்து சுகர், பிரஷர் பார்க்கிற நர்சம்மா. மிஷினைத் தரையில் வைத்து அபிதாவை ஏறச் சொன்னது. மிஷின் எழுபத்தெட்டு என்றது. சுகர் அதைவிடக் கெட்ட நம்பராக ஒன்றைச் சொன்னது.

"அக்கா, இந்த வயசுல எட சும்மா ஏறும், சும்மா எறங்காது. மாசக் கணக்கு நிக்கற நேரம், ஒடம்பு அது இஷ்டத்துக்கு ஆடும். ரெண்டு மாசத்துல அஞ்சு கிலோ எறக்குங்க. இல்லன்னா மாத்திரையோட ஊசியும் சேந்துக்கும்."

அபிதாவின் முகம் வெளுத்துப்போனது. சேத்துப்பட்டில் அவள் அக்கா பொன்னம்மாள் ஏழு வருசம் வயிற்றில் ஊசி குத்திக்கொண்டு, கடைசியில் ஒரு காலையும் கொடுத்துவிட்டுப் போனவள். கூட இருந்து பார்த்தவள் இவள்.

மறுநாளிலிருந்து நடை. விடியக் காலையில் பக்கத்து வீட்டு துர்காவோடு ரோட்டுக்குக் கிளம்பிவிடுவாள். எட்டு நாள் நடந்தாள். எட்டு நாளும் எனக்குக் காப்பி இல்லை. தார் இல்லை. ஒன்பதாம் நாள் முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கியது. நொண்டிக்கொண்டே சிஸ்டரிடம் போய் மிஷினில் ஏறினாள். முந்நூறு கிராம் கூடியிருந்தது.

வீட்டுக்கு வந்து ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்தவள், கையை வைக்கவில்லை.

"வுட்டுடலாம்னு கீதுங்க. எட்டு நாளு பாதி வயித்தோட நடந்தேன். ஏறிகினு போவுது."

எனக்கு அப்போதுதான் மூளை வேலை செய்தது. அது வேலை செய்கிற நாளெல்லாம் எனக்குக் கெட்ட நாள்தான், ஆனால் செய்யும்போது சுகமாக இருக்கும். அவள் அப்பா வேடியப்பன் வீட்டில் ரெண்டு தறி. கல்யாணத்துக்கு முன்னால் இவளும் நெய்தவள். எங்கள் வீட்டில் ஒரே தறி, அதில் நான் உட்கார்ந்துவிட்டதால் இவள் ராட்டைக்குப் போனாள்.

"ஏமே, மிதிக்கறதுக்கு ரோடு எதுக்கு? குழியில எறங்கு. காலு மிதிக்கும், கை இழுக்கும், இடுப்பு ஆடும். முட்டியில பாரமும் எறங்காது. டெய்லி ரெண்டு மணி நேரம் பண்ணு. தானா கரையும்."

என்னையே பார்த்தாள். இவன் எதுக்குடா இவ்வளவு நல்லவனாகிறான் என்று தேடுகிற பார்வை. பிறகு சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு குழியில் இறங்கினாள். நான் டீக்கடைக்குப் போனேன்.

ரெண்டு மணி நேரம் அடுத்த வாரம் நாலானது. நாலு ஆறானது. நான் அன்பரசுவோடு உட்கார்ந்து நாட்டு நடப்பை எல்லாம் சரிசெய்துகொண்டிருந்தேன். அன்பரசுவும் தறிக்காரன்தான். அவன் பொண்டாட்டி ஒல்லி, பாவம் அவனே நெய்ய வேண்டியிருந்தது. நாலாவது வாரம் மிஷின் எழுபத்தைந்தரை சொன்னது. அபிதா ஒரு மாதிரி நிமிர்ந்து நடந்தாள். நானும் நிமிர்ந்து நடந்தேன், யோசனை என்னுடையதாச்சே.

அன்றைக்குத்தான் அன்பரசு டீயை உறிஞ்சிக்கொண்டே ஒரு சேதி சொன்னான். நாங்கள் எல்லோரும் நெய்து கொடுப்பது ஆரணி ஜெயக்குமார் முதலாளிக்கு. தறியில் நீளவாக்கில் கட்டுகிற பாவு நூலும், பட்டும் ஜரிகையும் அவர் கொடுப்பார். மேலத்தெருக்காரன் ஒருவன் கொண்டுபோன சேலையை அவர் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாராம். ஒரு இடத்தில் நிறுத்தி, இங்கிருந்து வேற கை என்றாராம். ஆமாம், மச்சான் கொஞ்சம் நெய்தான் என்று இவன் ஒத்துக்கொண்டானாம். அதோடு அவன் வீட்டுக்குப் பாவு வருவது நின்றுபோச்சாம்.

டீ டம்ளரைப் பாதியிலேயே வைத்துவிட்டேன். என் தறியில் ஓடிக்கொண்டிருந்தது அவர் மகள் லாவண்யாவின் முகூர்த்தச் சேலை. அதற்கான பாவைக் கொடுக்கும்போதே அவர் சொன்னார், இது உங்க ஒரு கை மட்டும் பட வேண்டிய சேலை குமரேசண்ணே, கல்யாணச் சேலையில ரெண்டு கை ஆகாது என்று. நான்தான் தலையை ஆட்டினேன். ஆட்டின தலைக்குள் எதுவும் போகவில்லை.

வீட்டுக்கு ஓடினேன். அபிதாவைக் குழியிலிருந்து எழுப்பிவிட்டு, சுருட்டியிருந்த சேலையைத் தளர்த்திக் கண்ணை மூடித் தடவினேன். முதல் நாலு முழம் நான் நெய்தது. அதற்கப்புறம் அவள். முதலாளி விரலே வேண்டாம், முள்வேலி பிடிக்கிற விரலுக்கே தெரியும். எது ஒசத்தி என்று கேட்காதீர்கள். தெரிந்தது, அவ்வளவுதான்.

இனிமேல் நானே நெய்கிறேன் என்று குழியில் இறங்கினேன். நாலு இழை போட்டேன். நின்றேன். அவள் நெய்ததற்குப் பக்கத்தில் என் நாலு இழை, கோலத்தில் கோழி நடந்த மாதிரி இருந்தது. நான் தொட்டால் இன்னொரு கோடு விழும். நகத்தால் அந்த நாலு இழையையும் பிரித்து எடுத்துவிட்டு மேலே ஏறினேன். விசயத்தைச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு மறுபடி குழியில் இறங்கினாள். என் தறிக்கு நான் வெளியாள்.

சரி, ஓடட்டும், முடிந்துவிடும் என்று இருந்தேன். அடுத்த வாரம் மிஷின் நகரவில்லை. எழுபத்தைந்தரை. அதற்கடுத்த வாரமும் எழுபத்தைந்தரை. அபிதா வந்து, இழை ஓட்டுகிற நாடாவை என் கையில் கொடுத்தாள்.

"போதுங்க. ரெண்டு வாரமா ஒரு கிராம் எறங்கல. தலைவிதி ஊசின்னா ஊசிதான். நீங்களே நெய்ஞ்சிக்குங்க."

இன்னும் அஞ்சு முழம் பாக்கி. முகூர்த்தத்துக்கு நாள் நெருங்கியாச்சு. ஒன்றரை மாசத்துக்கு முன்னால் இதே பேச்சைக் கேட்டுச் சந்தோசப்பட்டவன், இப்போது கெஞ்ச ஆரம்பித்தேன். முகம் இளைத்துவிட்டது என்றேன். கண்ணாடி வீட்டிலேயே இருக்கிறது என்றாள். ஜாக்கெட் தொளதொளன்னு கிடக்குது என்றேன். அது துர்கா ஜாக்கெட் என்றாள். சிஸ்டரிடம் ஓடினேன். இடையில் இப்படி நிற்பது எல்லோருக்கும் வருவதுதான், அங்கேதான் நிறைய பேர் விடுவார்கள், விடாதவர்கள்தான் இறங்குவார்கள், கூட இருக்கிறவர் உற்சாகப்படுத்த வேண்டும் என்று அது சொல்லி அனுப்பியது. மிதிக்கும்போது நடுவில் நிறுத்தக் கூடாதாம், மூச்சு ஒரே சீராக ஓட வேண்டுமாம்.

வந்து அப்படியே ஒப்பித்தேன். அபிதா ராட்டையைக் காட்டினாள்.

"ஒக்காரட்டுமா? ஒக்காந்தா தாரு யாரு சுத்துறது?"

நான் என்றேன்.

"அடுப்பு?"

அதற்கும் நான் என்றேன். காலையில் கேழ்வரகுக் கூழ், மதியம் கைப்பிடிச் சோறும் ரெண்டு காயும், ராத்திரி பயறு. வீட்டுக்குள் போண்டா வாசனை வரக் கூடாது. டீக்கடை வாசனை என் சட்டையில்கூட வரக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். இந்த முறை தலைக்குள் ஒவ்வொன்றும் போனது.

அந்த மூன்று வாரமும் நான் பட்ட பாடு நாய் படாது. அவளுக்குத் திடீர் திடீரென்று உடம்பெல்லாம் சூடு ஏறி வியர்க்கும், அந்த வயசுக்கு வருகிற சூடு. வியர்வை பட்டில் விழுந்தால் சேலை போச்சு. ஃபேன் போட்டால் இழை பறக்கும். அதனால் ஒரு கையில் ராட்டை, ஒரு கையில் விசிறி. அவள் காலோ நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. சிஸ்டர் சொன்ன மூச்சு, அதற்குத் தகுந்த மிதி, மிதிக்குத் தகுந்தபடி இழையை இறுக்குகிற அடி. கடிகாரம்கூட இப்படி அடித்து நான் பார்த்ததில்லை. நடுநடுவில் வாசலில் பைக் சத்தம் கேட்கும். அவளை ஜல்தி ஜல்தியாக மேலே ஏற்றிவிட்டு நான் குழியில் குதிப்பேன். ஒவ்வொரு முறையும் அது பால்காரனாக இருக்கும்.

முடிந்தது. செவ்வாய்க்கிழமை சிஸ்டர் மிஷினை வைத்தது. அபிதா கண்ணை மூடிக்கொண்டு ஏறினாள். எழுபத்திரண்டு, எண்ணூறு கிராம். சுகரும் இறங்கியிருந்தது. ஊசி வேண்டாம் என்றது சிஸ்டர். அபிதா இறங்காமல் மிஷின் மேலேயே நின்று அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. மறுநாள் முதலாளி வருகிறார் என்பதும் அதில் கொஞ்சம் உண்டு.

புதன்கிழமை நல்ல நேரத்தில் ஜெயக்குமார் முதலாளி வந்தார். தட்டில் பூவும் கத்தரிக்கோலும். மகள் சேலை என்பதால் தானே அறுத்து எடுக்க வந்திருந்தார். அறுத்தார். புதுப் பாயில் விரித்தார். கண்ணை மூடினார்.

விரல் நடக்க ஆரம்பித்தது. ஒரு முழம். ரெண்டு. மூன்று. நாலில் நின்றது. திரும்பிப் போனது. மறுபடி வந்தது. அதே இடத்தில் நின்றது.

"கொமரேசண்ணே, இங்க கை மாறுதே."

நான் பாயின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தேன்.

"இந்தப் பக்கம் ஒரு எடம் இறுக்கம், ஒரு எடம் தளர்ச்சி. அப்பப்ப எழுந்து போயிட்டு வந்து நெய்ஞ்ச மாதிரி கீது. அந்தப் பக்கம் பாருங்க, தண்ணி ஓடற மாதிரி ஒரே அடி. இதுல யாரு எது?"

நல்ல மனுசனாக இருந்தால் அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருப்பான். எனக்கு மேலத்தெருக்காரனின் காலித் தறிதான் கண்ணில் நின்றது.

"அந்த மொத நாலு மொழம் எம் பொண்டாட்டிங்க மொதலாளி. ஒடம்பு எளைக்கணும்னு சிஸ்டர் சொல்லிச்சு, தெரியாத்தனமா எறங்கிட்டா. நான் பாத்ததும் ஏத்தி வுட்டுட்டேன். மீதி பூரா நான் நெய்ஞ்சது."

முதலாளி கண்ணைத் திறந்து அபிதாவைப் பார்த்தார். "அப்படியா அண்ணி?"

'இல்லை' என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் என் முப்பத்தோரு வருசம் முடிந்தது. அவள் சேலையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று எனக்குத் தெரியாது, நடுவில் எனக்கு ரெண்டு முறை வியர்த்துக் காய்ந்தது.

"ஆமாங்க மொதலாளி. அந்த மோசமான நாலு மொழம் என்னுதுதான். மன்னிச்சுக்குங்க. மீதி நல்லது பூரா இவரு கை. இவரு எப்பவும் அப்பிடித்தான் நெய்வாரு. பக்கத்துல நின்னு பாத்தீங்கன்னா அசந்துடுவீங்க."

என் உயிர் திரும்பி வந்தது. முதலாளி தாடையைத் தடவினார். அந்த நாலு முழம் இடுப்பில் சொருகுகிற உள்பக்கம், வெளியே தெரியாது, பொம்பளை தெரியாமல் செய்தது போகட்டும் என்றார். பிறகு அந்த நல்ல பக்கத்தை மறுபடி தடவினார். முகம் மலர்ந்தது.

"இப்பிடி ஒரு அடிய நான் பாத்ததே இல்லண்ணே. ஞாயித்துக்கெழம மாப்ள வீட்டுக்காரங்க செய்யார்லருந்து வராங்க. எங்க வீட்டுக் கூடத்துலயும் ஒரு தறி கீது. நீங்க வந்து ஒக்காந்து, இதே அடியில ஒரு மொழம் நெய்ஞ்சிக் காட்டணும். எம் பொண்ணு கட்டப்போற சேலைய நெய்ஞ்ச கைய அவங்க கண்ணால பாக்கட்டும். நானும் பக்கத்துல நின்னு பாக்கறேன்."

பைக் போய்விட்டது. நான் பாயிலேயே உட்கார்ந்துவிட்டேன். இப்பவே ஆரணிக்குப் போய் நீயே உண்மையைச் சொல்லிவிடு என்று அபிதாவைக் கெஞ்சினேன்.

"கட்டுன புருசன் மொதலாளி எதிர்ல சொன்னத நான் இல்லன்னு சொல்லலாங்களா?" என்றாள். குரலில் கோபம் ஒரு துளி இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "இன்னும் நாலு நாளு கீது. குழியில எறங்குங்க."

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. தறியில் மிச்சமிருக்கிற பாவில் நெய்து பழக, விடிகாலையிலிருந்து குழியில் இருக்கிறேன். மேலே நாற்காலி போட்டு அவள் உட்கார்ந்திருக்கிறாள், என் போன் அவள் மடியில். நான் எழுந்தால் முறைக்கிறாள், நாலு இழைக்கு ஒரு முறை பிரிக்கச் சொல்கிறாள். அன்பரசு வந்து கேட்டதற்கு, அண்ணனுக்கு உடம்பு சரியில்லை என்று வாசலிலேயே அனுப்பிவிட்டாள்.

முப்பத்தோரு வருசம் தறி நெய்தவன் நான். என் கை எப்படி நெய்யும் என்று என் பொண்டாட்டியிடம் கற்றுக்கொண்டிருக்கிறேன்.