ரிஜெக்ட் சார் ஒட்டிய பக்கங்கள்

பாவத்தைப் பரப்பி ஊரைக் கெடுத்தவர்கள் உலகத்தில் நிறையப் பேர் உண்டு. பாவத்தை ஒழிக்கிறேன் என்று கிளம்பி ஆவடியில் ஒரு குவார்ட்டர்ஸையே கெடுத்தவர் ஒருவர்தான். அவர் எங்கள் ரிஜெக்ட் சார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். குவார்ட்டர்ஸில் யாருக்கும் அது தெரியாது. ராணுவத்துக்குக் கோட்டும் சட்டையும் தைக்கிற தொழிற்சாலையில் அவர் தர ஆய்வாளர். தைத்து வந்த கோட்டை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். தையல் ஒரு நூல் விலகியிருந்தாலும் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டு, "ரிஜெக்ட்" என்பார். வீட்டில் தோசைக்கும் அதே கதிதான் என்று அவர் மனைவியே சொல்லிச் சிரிப்பார். விளிம்பு கருகியிருந்தால் தோசையும் டியூப்லைட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வருமாம்.

நான் கல்யாணமாகி அங்கே போனபோது எனக்கு இருபத்து நான்கு வயது. கணவருக்கு அதே தொழிற்சாலையில் மெஷின் ரிப்பேர் வேலை. பகல் முழுக்க நானும் மின்விசிறியும் மட்டும். அப்போதுதான் குவார்ட்டர்ஸ் மூலையில் ஒரு வாசகசாலை இருப்பதாகச் சொன்னார்கள். இரண்டு அலமாரி நாவல்கள், ஒரு நீள மேஜை, நான்கு பெஞ்சு. ஷிப்ட் முடிந்து மாலை ஐந்து மணிக்கு ரிஜெக்ட் சார் அதைத் திறப்பார். சம்பளம் கிடையாது, யாரும் கொடுக்காமல் அவராகவே எடுத்துக்கொண்ட பொறுப்பு.

முதல் நாள் எடுத்து வந்த நாவலில், நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றேன். பக்கம் முழுக்கப் பழுப்புத் தாள். நான்கு விளிம்பும் மைதாப் பசை வைத்து அழுத்தி ஒட்டப்பட்டிருந்தது. அதன்மேல் குண்டுகுண்டான கையெழுத்தில் ஒரு குறிப்பு: "இந்த இடத்தில் கதாநாயகி தவறு செய்கிறாள். பக்கம் 116க்குச் செல்லவும்."

சென்றேன். நூற்றுப் பதினாறில் அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். எதற்கு அழுகிறாள் என்று தெரியாமல் அன்றைக்கு நான் வைத்த ரசத்தில் உப்பே இல்லை.

மறுநாள் புத்தகத்தோடு போய் நின்றேன்.

"சார், இதுல நாலு பக்கம் ஒட்டியிருக்கே?"

"ஆமாம்மா. டிபெக்ட்."

"அவ என்ன தப்பு பண்ணினான்னு தெரியாம எப்படி சார் கதையைப் படிக்கிறது?"

"தப்பு பண்ணிட்டா. அது தெரிஞ்சாப் போதும். எப்படிப் பண்ணினான்னு தெரிஞ்சுகிட்டு நீ என்ன பண்ணப் போறே?"

புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அவருடைய இலக்கியக் கொள்கை இரண்டே வரிதான். "ஒரு இடத்துல தையல் போச்சுன்னு முழுக் கோட்டையும் ஏம்மா தள்ளணும்? கெட்டுப்போன இடத்துல ஒரு ஒட்டு போட்டா, மீதி உழைக்கும்." கதை என்றாலே யாராவது ஒருத்தர் ஆசைப்பட்டு, சறுக்கி, விழுந்து எழுந்திருப்பதுதானே சார் என்று நான் வாதாடியிருக்கிறேன். "எழுந்திருக்கறதைப் படி. விழறதை எதுக்கு வேடிக்கை பார்க்கறே?" என்பார். ஆகவே எங்கள் வாசகசாலையின் நாவல்களில் எல்லாரும் எழுந்துகொண்டே இருந்தார்கள். யாரும் விழவேயில்லை.

பாவம் என்பதற்கு அவர் வைத்திருந்த பட்டியலும் தனி. காதலர்கள் கை கோப்பது, சீட்டாட்டம், சிகரெட், மாமியாரை எதிர்த்துப் பேசுவது எல்லாம் ஒற்றைத் தாள். பொய் மெடிக்கல் சர்டிபிகேட் கொடுத்து லீவு போடுவதற்கு மட்டும் இரட்டைத் தாள். ஒரு நகைச்சுவை நாவலில் கதாநாயகன் காய்ச்சல் என்று ஆபீஸில் சொல்லிவிட்டு சினிமாவுக்குப் போகிறான். அந்த நாவல் முழுசும் போய், கடைசியில் நன்றி சொல்லும் பக்கம் மட்டும் மிஞ்சியது.

இந்தச் சமயத்தில்தான் மூன்றாவது வீட்டு கஸ்தூரி என் வாழ்க்கையில் வந்தாள். மண்ணூர்பேட்டைப் பெண். ஒட்டின புத்தகத்தை அப்படியே திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்று தெரிந்ததும் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னாக்கா, படிச்ச பொண்ணுன்னு சொன்னாங்கோ? உன் ஊட்ல இட்லிப் பானை கீதா, இல்லியா?"

"இருக்கு. எதுக்கு?"

"தண்ணி கொதிக்க வுட்டு, தட்ட எட்த்துட்டு, பக்கத்த ஆவில காட்டு. ரெண்டே நிமிசம். மைதா தானே, பூ மாறி வந்துரும். படிச்சிட்டு திரும்ப ஒட்டிரு. இங்க அல்லாரும் அப்டிதான் படிச்சிக்கினு கீறோம்."

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டு இட்லிப் பானையில் முதல் முறையாக இலக்கியம் வெந்தது. கஸ்தூரியும் பக்கத்தில் நின்றாள். தாள் சுருண்டு விலகியது. உள்ளே இருந்தது இதுதான்: அவன் அவள் விரலைத் தொடுகிறான். அவள் கையை இழுத்துக்கொள்கிறாள். பிறகு மூன்று பக்கத்துக்கு மழை பெய்கிறது.

"இவ்ளோதானா?" என்றாள் கஸ்தூரி. "நான் இன்னான்னாவோ நென்ச்சிக்கினு வந்தேன்."

நானும்தான் நினைத்திருந்தேன். அந்த எழுத்தாளருக்கே தோன்றாத பாவமெல்லாம் ஒரு பழுப்புத் தாளைப் பார்த்து எங்களுக்குத் தோன்றியிருந்தது. ஏமாந்த கோபத்தில் அடுத்த புத்தகம் எடுத்தோம். அதிலும் ஏமாந்து அதற்கடுத்தது. குவார்ட்டர்ஸ் பெண்கள் எல்லாரும் அதையேதான் செய்துகொண்டிருந்தார்கள். ஒட்டு விழாத நல்ல புத்தகங்களைக் கரையான்கூடத் தொடவில்லை. "தடியா கீற புக்கா பாத்து எட்து வா" என்பது கஸ்தூரியின் இலக்கிய விமர்சனம். கையெழுத்து ரிஜிஸ்டர் மூன்று மாதத்துக்கு ஒன்று தீர்ந்தது.

ரிஜெக்ட் சாருக்குத் தலைகால் புரியவில்லை. குவார்ட்டர்ஸ் நலக் கமிட்டிக்காரர்கள் அந்த அறையை உடற்பயிற்சிக் கூடமாக்க வேண்டும் என்று ரொம்ப நாளாகக் கண் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் சார் அந்த ரிஜிஸ்டரைத் தூக்கிக் காட்டித்தான் அவர்களை வாயடைக்க வைப்பார். "முன்னெல்லாம் இந்த அலமாரியைத் தொட ஆளில்ல. தப்பையெல்லாம் மூடினேன், இப்போ வரிசையில நிக்கறாங்க. மனுஷ மனசு இயல்பாவே நல்லதைத்தான் தேடும்மா" என்று என்னிடம் சொல்வார். நான் தலையாட்டுவேன். எனக்குப் பின்னால் நிற்பவளும் தலையாட்டுவாள். அவள் பையில் பாதி காய்ந்த பசையோடு ஒரு நாவல் இருக்கும்.

வாசகசாலைச் சாவியை வெளியே ஆணியிலேயே மாட்டியிருப்பார். புத்தகம் படிக்கிறவர்கள் திருட மாட்டார்கள் என்பது அவர் நம்பிக்கை.

ஒரு நாள் பேச்சுவாக்கில் கேட்டேன்: "பாஸ், இல்லேன்னா ரிஜெக்ட். உங்ககிட்ட இந்த ரெண்டுதானா சார்?"

"மூணாவது ஒண்ணு உண்டு. 'குறை உண்டு, எடுத்துக்கொள்ளலாம்'னு எழுதுவோம். பித்தான் கொஞ்சம் கோணலா இருக்கும். ஆனா துணி நல்ல துணி, குளிரு தாங்கும். தள்ள மனசு வராது. முப்பது வருஷத்துல ரெண்டே ரெண்டு கோட்டுக்குத்தான் அப்படி எழுதியிருக்கேன்."

இப்போது என் யோக்கியதைக்கு வருகிறேன்.

அந்த வருஷம் ஒரு வார இதழில் என் முதல் சிறுகதை வந்தது. அக்காவின் கல்யாணக் கம்மலை ஆசைக்குப் போட்டுப் பார்த்துத் தொலைத்துவிடுகிற ஒரு பெண், வேலைக்காரி எடுத்தாள் என்று பொய் சொல்கிறாள். வேலைக்காரியை விரட்டிவிடுகிறார்கள். அந்தப் பொய்யோடு பெண்ணின் குழந்தைத்தனம் முடிந்துபோகிறது. இதுதான் கதை. இலக்கியத்தையே புரட்டிப் போட்டுவிட்டதாக நினைப்பு எனக்கு. வாசகசாலைக்கு ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"நீயா எழுதினே? நிஜமாவா?" என்று அட்டையைத் தடவித் தடவிப் பார்த்தார் சார்.

மறுநாள் மாலை போனேன். என் கதை மேஜை நடுவில், எல்லாரும் பார்க்கும்படி விரித்து வைக்கப்பட்டிருந்தது. மூன்றாம் பக்கத்தின் மேல் பழுப்புத் தாள். அந்தப் பெண் பொய் சொல்கிற பக்கம். கதையின் உயிரே அதுதான்.

எனக்குக் காது இரண்டும் கொதித்தது. குறிப்பில் என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை. பெஞ்சில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள்.

"சார், நீங்க ஒட்டற பக்கத்தை மட்டும்தான் சார் இங்க எல்லாரும் படிக்கிறாங்க. இட்லிப் பானை ஆவியில வச்சுப் பிரிச்சுப் படிச்சுட்டு, திரும்ப ஒட்டிக் குடுக்கறாங்க. நானும்தான். நல்லதைத் தேடி ஒருத்தரும் வரலை."

அவர் சிரித்தார். விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டார். பிறகு யாரும் சிரிக்காததைப் பார்த்தார். அலமாரியிலிருந்து ஒரு நாவலை எடுத்து, கோட்டைத் தூக்குவதுபோல டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார். பழுப்புத் தாளின் ஓரத்தில் இரண்டு தரம் பசை காய்ந்த தடம். இன்னொன்று எடுத்தார். அதில் நான்கு தடம்.

"இதுவுமா?"

"இதுவும் சார்."

"கஸ்தூரியுமா?"

கஸ்தூரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒரு நூல் விலகினால் கண்டுபிடிக்கிற மனிதர். இத்தனை வருஷம் இத்தனை புத்தகங்களில் எப்படிக் கவனிக்காமல் போனார் என்று நீங்கள் கேட்கலாம். அவர் பார்க்கவில்லை, அவ்வளவுதான். துணியைத்தான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாரே தவிர, எங்களை அப்படிப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. அதை நான் தோன்ற வைத்தேன்.

அடுத்த வாரம் முழுக்க ஈரத்துணியோடு உட்கார்ந்து எல்லாத் தாளையும் அவரே உரித்தார். "எல்லாம் திறந்து கிடக்கு, படிங்க" என்றார். ஒரே மாதம். வாசகசாலையில் ஈ காக்கை இல்லை. மூடின பாவத்துக்கு இருந்த மவுசு திறந்த பாவத்துக்கு இல்லை. ஆணியிலிருந்த சாவி காணாமல் போய், கதவில் புதுப் பூட்டு தொங்கியது. எப்போதாவது வருகிறவர்களின் பையைத் திறந்து காட்டச் சொன்னார். பால்காரரிடம் தினமும் பாலை அளந்து காட்டச் சொல்வதாக அவர் மனைவி சொன்னார். இந்த முறை அந்த அம்மா சிரிக்கவில்லை. காலி ரிஜிஸ்டரைக் காட்டியே கமிட்டி அறையை எடுத்துக்கொண்டது. புத்தகங்கள் மூட்டையாகப் போயின.

கஸ்தூரி என்னோடு பல நாள் பேசவில்லை. பேசியபோது ஒன்றுதான் சொன்னாள்: "ஏன்க்கா, வாய வச்சிக்கினு சும்மா கீறதுக்கு இன்னா உனக்கு? அவுரு பாட்டுக்கு ஒட்டிக்கினு இருந்தாரு. நாம பாட்டுக்குப் பிரிச்சிக்கினு இருந்தோம். அல்லாரும் சந்தோசமாத்தானே இருந்தோம்?"

அப்புறம் நான் நிறைய எழுதினேன். சபலம், பாவம், பறிபோன வெள்ளை மனசு என்று மேடையேறிப் பேசவும் செய்தேன். இந்த மாதிரிக் கதைகளில் எல்லாரும் ஏமாந்தவருக்காக அழுவார்கள். பக்கத்தில் நின்று கண்ணைத் திறந்துவிட்டவன் என்ன ஆனான் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. அவன் பொய்கூடச் சொல்லியிருக்க மாட்டான். நானும் உண்மையைத்தான் சொன்னேன். பெண் பொய் சொல்லி ஒருத்தியை விரட்டியதாகக் கதை எழுதிய கையோடு, உண்மையைச் சொல்லி ஒருவரை விரட்டினேன். இதில் எது பெரிய பாவம் என்று கேட்டால், மேடையில் பேச்சை மாற்றிவிடுவேன்.

போன மாதம் அவரைப் போய்ப் பார்த்தேன். ஓய்வு பெற்றுக் குமணன்சாவடியில் மகன் வீட்டோடு இருக்கிறார். வாசலுக்கு எதிரே மெட்ரோ தூண். மாடியில், கையில் பேப்பர்கூட இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தார். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"இப்போ என்ன சார் படிக்கறீங்க?"

"விட்டுட்டேம்மா. எந்தப் பக்கத்தைப் பார்த்தாலும், இதுக்கு அடியில வேற என்னமோ இருக்குன்னு தோணுது. அப்புறம் எங்க படிக்கறது?"

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். அதைக் கேட்காமல் வெயிலைப் பற்றியும் மெட்ரோவைப் பற்றியும் பேசினேன். மருமகள் கொடுத்த காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். படியிறங்கும்போது கூப்பிட்டார்.

"உன் சரக்கு ஒண்ணு எங்கிட்ட தங்கிப்போச்சு. அன்னைக்கு நீ விட்டுட்டுப் போனது. எடுத்துட்டுப் போ."

பழைய வார இதழ். பூந்தமல்லி பஸ் நிலையத்தில் ஆவடி பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது திறந்தேன். எல்லாத் தாளையும் உரித்தவர் இதை மட்டும் உரிக்கவில்லை. பழுப்புத் தாள் அப்படியே இருந்தது. விரலை வைத்ததும் அது தானாகத் தூக்கிக்கொண்டது. நான்கு விளிம்பும் அழுத்தி ஒட்டுகிற மனிதர், என் கதைக்கு மேல் விளிம்பில் மட்டும் பசை தடவியிருந்தார். தூக்கினால் கீழே கதை முழுசாக இருந்தது. இட்லிப் பானையே வேண்டியிருக்கவில்லை.

தாளின் மேல் அதே குண்டுக் கையெழுத்து. அன்றைக்கு நான் படிக்காமல் விட்ட குறிப்பு.

"இந்தப் பெண் இங்கே பொய் சொல்கிறாள். குறை உண்டு, எடுத்துக்கொள்ளலாம்."

இரண்டு பஸ் போய்விட்டன. மூன்றாவது கோட்டு நான்தான் என்று அன்றைக்கே தெரிந்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன், சார்.