ஸ்ரீநாத் ஏன் வரவில்லை?

மூன்றாவது முறையும் ஸ்ரீநாத்தின் பெயரைக் கூவிவிட்டு, ஆளில்லாத வராந்தாவைப் பார்த்துத் திரும்பினார் டவாலி.

அலிப்பூர் நீதிமன்றத்தில் சாதனா தனியாக நின்று நடத்தும் முதல் வழக்கு. பிரிந்து வாழும் மனைவி சரிதாவின் சீர் சாமான்களை, முக்கியமாக மாவரைக்கும் கிரைண்டரை, கணவன் ஸ்ரீநாத் திருப்பித் தர வேண்டும் என்பது உத்தரவு. தரவில்லை. அவமதிப்பு நோட்டீஸ் அனுப்பியும் ஆளைக் காணோம். இன்று பிடிவாரண்ட் வாங்காமல் போனால் சீனியர் முகத்தில் விழிக்க முடியாது.

"வேண்டுமென்றே நீதிமன்றத்தைத் தவிர்க்கிறார், யுவர் ஆனர். பிடிவாரண்ட் பிறப்பிக்க வேண்டும்."

பின்னாலிருந்து சரிதா சாதனாவின் கவுனை இழுத்தாள். "வாரண்ட்லாம் வேண்டாம்மா. அவருக்குக் காய்ச்சல்."

"உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"இப்ப... ஊர்ல எல்லாருக்கும் காய்ச்சல்தானே?"

"உங்கள் கட்சிக்காரர் என்ன சொல்கிறார்?" என்றார் நீதிபதி.

"கணவர் தண்டனை அனுபவித்தே ஆக வேண்டும் என்கிறார், யுவர் ஆனர்."

சரிதா துள்ளி எழுந்தாள். "ஐயோ, நான் அப்படிச் சொல்லவே இல்லை சார்! நோட்டீஸே அவர் கைக்குப் போயிருக்காது!"

நீதிபதி வழக்குக் கட்டைப் புரட்டினார். முகம் இறுகியது.

"வீட்டிலிருந்த பெண்மணி ஒருவர் வாங்கிக்கொண்டதாக இருக்கிறது. கையெழுத்து கிறுக்கலாக இருக்கிறது. யார் அது?"

சாதனா தன் குறிப்பைப் புரட்டினாள். டாலிகஞ்ச் வீட்டில் தனியாக இருப்பதாகச் சொல்லப்பட்ட மனிதர். அங்கே பெண்மணியா?

"அக்கா, மனசைத் திடப்படுத்திக்கோங்க," என்று குனிந்து கிசுகிசுத்தாள். "அவர் வீட்ல வேற யாரோ இருக்கா."

சரிதா தலையைக் குனிந்துகொண்டாள். காதுமடல் வரை சிவந்துபோயிற்று.

"அழாதீங்கக்கா. நான் விடமாட்டேன்."

"விட்டுடேன்மா, ப்ளீஸ். கேஸும் வேண்டாம், கிரைண்டரும் வேண்டாம். வீட்டுக்குப் போயிடலாம்."

இப்படிப்பட்டவளுக்கா துரோகம் செய்ய மனம் வந்தது அந்த ஆளுக்கு! சாதனாவின் ரத்தம் கொதித்தது. நோட்டீஸ் கொடுத்த ஊழியரை உடனே விசாரிக்க வேண்டும் என்று அடித்துப் பேசி, அனுமதியும் வாங்கிவிட்டாள்.

ஊழியர் முகமது ரபீக் வந்து கூண்டில் ஏறினார். சரிதா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சாதனா அவள் தோளை ஆதரவாகத் தொட்டுவிட்டு முன்னால் போனாள்.

"நோட்டீஸை வாங்கிய அந்தப் பெண்ணைப் பார்த்தால் அடையாளம் காட்டுவீர்களா?" என்று கேட்டாள்.

ரபீக் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார்.

"அதோ, உங்க பின்னாடி முகத்தை மூடிக்கிட்டு இருக்காங்களே, அந்த தீதிதான் மேடம். கையெல்லாம் மாவு. 'இப்பத்தான் தூங்கினார், மெதுவாப் பேசுங்க'ன்னு என்னை அதட்டினாங்க."