நானூறு கிலோமீட்டருக்குள் ஒரு தம்பி

தமிழர்கள் பிந்திப் போவது புதினமில்லை. ஆனால் நேராகப் போய்ப் பிந்திய மனிதர் இந்தப் பூமியிலேயே 'அடிமட்டம்' அண்ணை ஒருவர்தான்.

டென்மார்க்கில், ஸ்கீவ என்ற ஊரில், ஒரு இறைச்சித் தொழிற்சாலையில் பல வருடங்களாக அவருக்குப் பக்கத்தில் நின்று பெட்டி அடுக்குகிறேன். அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. சட்டைப்பையில் எப்போதும் ஒரு அடிமட்டம், கோடு போடும் அளவுகோல். எந்த ஊரைச் சொன்னாலும் வரைபடத்தை விரித்து ஆகாயத்தால், நேர்கோட்டில், அளந்துவிடுவார்.

ஒருமுறை ஓல்போர்க்கில் கல்யாணம். "றோட்டால நூறுக்கு மேல. ஆகாயத்தால எண்பதுகூட இல்லைத் தம்பி" என்று என்னையும் ஏற்றிக்கொண்டு வயல்பாதைகளால் காரை விட்டார். அது பியோர்ட் என்கிற கடல்நீரேரியின் கரையில் போய் நின்றது. பின்சீற்றில் மாப்பிள்ளைக்கான மாலை.

"பாதை சரிதான். இதுக்குள்ள ஆர் தண்ணியை விட்டது?" என்று என்னிடம் கேட்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளை வேறு மாலை போட்டு, சாப்பிட்டும் முடித்திருந்தார்.

போன மாரியில் அவருடைய மகள், தாதி, கிரீன்லாந்தின் வடமேற்குக் கோடியில் கானாக் என்ற ஊருக்கு வேலைக்குப் போனாள். கனடாவின் வடக்கு முனையில், கிரீஸ் பியோர்ட் என்ற சிற்றூரில், அண்ணையின் தம்பி நெடுங்காலமாகக் கடை பார்க்கிறார். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பதினொரு வருடமாகப் பேச்சில்லை. யாழ்ப்பாணத்தில் தாய் இறந்தபோது தம்பி வரவில்லை. "பிளேன் வரேல்லை" என்றாராம். "பொய்க்காரன்" என்று அண்ணை அன்றே தொடர்பை அறுத்துவிட்டார்.

இப்போது மகள் சித்தப்பாவைப் பார்க்க வேண்டும் என்கிறாள். அண்ணை இரண்டு ஊருக்கும் இடையை அளந்தார். "நானூறு கிலோமீட்டர்கூட இல்லை! இங்கயிருந்து றோட்டால கோபன்ஹேகன் போற மாதிரித்தான். தம்பி, பிளேன் இருக்கோ எண்டு ஒருக்கால் கேட்டுச் சொல்லு" என்றார் என்னிடம்.

கால் கடுக்க நின்ற வேலைக்கு நடுவில், மதிய இடைவேளையில், கன்ரீனில் இருந்து ஒரு பயண அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். அங்கிருந்த பெண் பொறுமையாகச் சொன்னாள். நான் அதைப் பக்கத்தில் இருந்த அண்ணைக்குத் தமிழில் சொன்னேன்.

"அண்ணை, நேர பிளேன் இல்லையாம். பிள்ளை கோபன்ஹேகனுக்குத் திரும்பி வந்து, கனடாவுக்குப் போய், பிறகு நாலு பிளேன் மாறி வடக்கை ஏறவேணுமாம்."

"நானூறுக்கோ? விசரே அந்தப் பொம்பிளைக்கு?"

"காலநிலை பிழைச்சால் கடைசிப் பிளேன் நாட்கணக்கா வராதாம்."

"அப்ப அங்க இருக்கிறவைக்கு ஒரு அவசரமெண்டால்?"

போனில் கேட்டேன். "காத்திருக்க வேண்டியதுதானாம்."

அண்ணை அடிமட்டத்தை மேசையில் வைத்துவிட்டுத் தன் போனை எடுத்தார். மகள் அனுப்பிவைத்திருந்த தம்பியின் இலக்கத்தைத் தேடி அழுத்தினார். அங்கே அப்போது காலை ஆறு மணி.

"டேய்... அண்ணை கதைக்கிறன்."

அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ தெரியாது.

"ஓமடா, நான்தான். அண்டைக்குப் பிளேன் உண்மையா வரேல்லையோ?" என்று கேட்டவர், யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

மணி அடித்தது. நான் மட்டும் வேலைக்குப் போனேன். மேற்பார்வையாளர் மூன்று தரம் வந்து அவர் எங்கே என்று கேட்டார். மூன்று தரமும் வயிற்றுக்குச் சரியில்லை என்றேன். இரண்டு பேரின் பெட்டிகளையும் அடுக்கி இடுப்பு விட்டுப்போனது. இருந்தும், மனிதரைப் போய்க் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை.