திருடனுக்கு வைத்த பூட்டில் சம்பந்தி வீட்டார்

கும்மிடிப்பூண்டி,
செவ்வாய்க்கிழமை.

அன்பும் பாசமும், அவற்றை மிஞ்சிய தொழில்நுட்ப அறிவும் வாய்த்த மாப்பிள்ளை ஜெபாவுக்கு, மாமனார் அந்தோணி எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவில் நானும் உங்கள் மாமியார் மேரியும் நலம். எனக்கு மட்டும் சைரன் கேட்டுக் கேட்டு இடது காது கொஞ்சம் மந்தம். புனேயில் நீங்களும் என் மூத்த மகள் கிறிஸ்டினாவும், கதவைக் கையால் திறந்து கையால் மூடுகிற சாதாரண வீட்டில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். நான் போனை எடுத்தாலே, ஹாலில் நீங்கள் வைத்துவிட்டுப் போன பேசும் டப்பா "சொல்லுங்கள், கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்கிறது. அதைப் பற்றிய புகாரை அதன் முன்னாலேயே சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இதற்கு முன்பு இருந்த அலாரத்தை நான் குறை சொன்னதே இல்லை. மாதாமாதம் சந்தா கட்டினோம், அது அலறினால் கம்பெனியிலிருந்து நந்தினி என்ற பெண் உடனே கூப்பிட்டு, "சார், சேஃபா இருக்கீங்களா?" என்று கேட்பாள். ஒரு தடவை என் சர்க்கரை அளவைக்கூட விசாரித்தாள். நீங்கள்தான் லீவில் வந்து, "மாசா மாசம் அவனுக்கு இன்னாத்துக்கு மாமா டப்பு அழுதுகினு? நானே போட்டுக் குடுக்கறேன், எல்லாம் போன்லயே வந்துடும்" என்று சொல்லி, சுவரெல்லாம் துளை போட்டு, வாசலுக்கு ஒரு காமிரா, ஹாலுக்கு ஒரு காமிரா, கதவுக்குக் கதவு பூட்டு, மூலைக்கு மூலை சென்சார் என்று மாட்டிவிட்டு ரயிலேறினீர்கள். பின்கதவையாவது விட்டுவையுங்கள் என்றேன். "திருடன் பின்கதவாலதான் மாமா வருவான்" என்றீர்கள். திருடனின் சௌகரியத்தை யோசித்த அளவுக்கு எங்களுடையதையும் யோசித்திருக்கலாம்.

நீங்கள் போன மறுநாளே அந்த டப்பாவிடம், "ஊட்டு லைட்ட அணை" என்றேன். "ஊட்டியில் இன்று மிதமான மழை பெய்ய வாய்ப்புண்டு" என்றது. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது; நானும் மேரியும் ஊட்டி மழையைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். இன்னொரு நாள் மதியம் தூங்கி எழுந்து சமையலறைக்குத் தண்ணீர் குடிக்கப் போனேன். சைரன் அலறியது. புனேயிலிருந்து நீங்கள் பதறிக்கொண்டு, "மாமா, ஊட்ல திருடன் பூந்துட்டான், பானையாண்ட நிக்கறான்!" என்று கூப்பிட்டீர்களே, நினைவிருக்கிறதா? "அது நான்தான் மாப்ள" என்று சொன்ன பிறகும், "பனியன் போட்டிருக்கானா பாருங்க" என்று கேட்டீர்கள். பார்த்தேன். போட்டிருந்தேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. பொன்னேரியிலிருந்து என் இளைய மகள் சுகிர்தாவைப் பெண் பார்க்க வந்தார்கள் அல்லவா? இரண்டு வருடமாக ஒவ்வொரு வரனும் கைக்கு வந்து நழுவி, அந்தப் பெண் "இனிமே யாரையும் வரச் சொல்லாத நைனா" என்று சொல்லியும், இந்த ஒருமுறை மட்டும் என்று கெஞ்சிச் சம்மதிக்க வைத்திருந்தேன். சர்ச்சில் பூசை முடிந்து வந்து மேரி கேசரி கிண்டினாள். சுகிர்தா பக்கத்து வீட்டு ஜானவியிடம் தலை பின்னிக்கொள்ளப் போயிருந்தாள். பையன் லோகு, அவன் அம்மா திலகவதி, அப்பா தேசப்பன் மூவரும் பூ, பழத் தட்டோடு வாசற்படி தாண்டினார்கள். உடனே உங்கள் டப்பா, பூசையில் வாசகம் படிப்பது போலத் தெள்ளத் தெளிவாக, "அறிமுகமில்லாத நபர்கள் வீட்டுக்குள் நுழைந்திருக்கிறார்கள்" என்றது. திலகவதி அம்மா நின்றுவிட்டார். "இன்னாங்க, நம்மளையா சொல்லுது?" என்று கணவரைக் கேட்டார். "அது ரேடியோ நாடகங்க்கா" என்று மேரி சமாளிப்பதற்குள் சைரன் பிடித்துக்கொண்டது. முன்கதவும் பின்கதவும் படார் படார் என்று தாமாகப் பூட்டிக்கொண்டன. திருடன் உள்ளேயே மாட்டிக்கொள்வதற்காக நீங்கள் செய்த ஏற்பாடாம். நான் போனை எடுத்து அமுக்குவதற்கும் கரண்ட் போவதற்கும் சரியாக இருந்தது. கரண்டோடு வைஃபையும் போயிற்று. போனில் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. சைரனுக்குத் தனியாக பேட்டரி வைத்திருக்கிறீர்கள், மிக்க நன்றி. மேரி அதன் மேல் கம்பளியைச் சுற்றினாள். அப்புறம் அது கன்றுக்குட்டி மாதிரி முனகியது.

உங்களைக் கூப்பிட்டேன். "ரூட்டர ஒருவாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மாமா" என்றீர்கள். கரண்டே இல்லை என்றேன். "அப்ப கரண்ட் வந்ததும் பண்ணுங்க" என்றீர்கள். எவ்வளவு பெரிய படிப்பு! இதற்குள் தேசப்பன் எழுந்து, "இன்னாய்யா இது, பொண்ணு பாக்க வந்தா புட்சி பூட்டி வெச்சிக்கினு சம்மதம் வாங்குவீங்களா? ஒரே பேஜாரா கீதே!" என்று கத்தினார். இந்த வரனும் போயிற்று என்றே முடிவு கட்டிவிட்டேன். மேரி ஒரு மூலையில் நின்று ஜெபமாலையை உருட்டத் தொடங்கிவிட்டாள்.

அப்போது ஜன்னலுக்கு வெளியே சுகிர்தா வந்து நின்றாள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, முகமெல்லாம் வெயில். பெண் வெளியே, பார்க்க வந்தவர்கள் உள்ளே. அந்த லோகுதான் எழுந்து போய், மேரி ஆற்றி வைத்திருந்த காப்பியில் ஒரு டம்ளரை எடுத்து ஜன்னல் கம்பி வழியாக நீட்டி, "வெயில்ல நிக்கறீங்க, குடிங்க" என்றான். அவள் வாங்கிக் குடித்தாள். "சக்கர கம்மி" என்றாள். "அடுத்தவாட்டி கரெக்டா போடறேன்" என்றான். காப்பி போட்டவன் அவனே என்பது போல. திலகவதி அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்ததும் தேசப்பன் உட்கார்ந்து கேசரித் தட்டை எடுத்தார்.

டம்ளரைத் திருப்பிக் கொடுத்த சுகிர்தா, ஜானவி வீட்டுக் கடப்பாரையோடு வந்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "எல்லாரும் தள்ளி நில்லுங்க" என்று குரல் கொடுத்து, உங்கள் பூட்டை மூன்றே நெம்பில் பெயர்த்தாள். அந்த நொடியில் கரண்ட் வந்தது. உங்கள் டப்பா விழித்துக்கொண்டு, "சுகிர்தா வந்திருக்கிறார். நல்வரவு!" என்றது. பழத்தட்டோடு வந்தவர்களுக்குச் சைரன். கடப்பாரையோடு வந்தவளுக்கு நல்வரவு. என்னே அதன் அறிவு! திலகவதி அம்மா கையோடு அவளுக்குப் பூ வைத்துவிட்டு, "எங்க ஊட்டுக்கு இந்த மாதிரி ஒரு ஆளுதான் வேணும்" என்றார். தை மாதத்தில் கல்யாணம்.

இதை வைத்து உங்கள் பூட்டுதான் கல்யாணத்தை முடித்தது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளாதீர்கள். முடித்தது கடப்பாரை. ஆகவே அடுத்த லீவில் ஸ்க்ரூ டிரைவரோடு வந்து, மாட்டியது அத்தனையையும் ஒன்று விடாமல் கழற்றிக்கொண்டு போகவும். பழைய கம்பெனிக்கு நானே போன் செய்துவிட்டேன். "சார், எங்க போயிட்டீங்க?" என்று நந்தினி கேட்டாள். அவள் கேட்காமலே என் சர்க்கரை அளவைச் சொன்னேன்.

உங்கள் இருவருக்கும் ஆண்டவர் நீண்ட ஆயுளையும், கையால் திறக்கும் கதவுகளையும் அருள்வாராக. மேரியின் ஆசீரும் உண்டு. அது என்னுடையதைவிடக் கொஞ்சம் மனப்பூர்வமானது.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்,
அந்தோணி.

பின்குறிப்பு: வாசல் காமிராவைக் கழற்றலாம். ஹாலில் இருப்பதைத் தொட வேண்டாம். மதியம் கிறிஸ்டினா அது வழியாகத்தான் எட்டிப் பார்த்து, "இன்னாமா கொழம்பு?" என்று கேட்கிறாளாம், மேரி தட்டோடு அதன் முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிறாள். எனக்கு இது தெரியாது. நேற்று நான் அதன் வயரைப் பிடுங்கியபோது, மேரி சாப்பிடாமல் படுத்துவிட்டாள். திரும்ப நானே மாட்டினேன். அதற்குக் கரண்டும் வைஃபையும் பேசும் டப்பாவும் வேண்டுமென்றால் அவையும் இருந்துவிட்டுப் போகட்டும். நந்தினியிடம் ஏதாவது சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் லீவு போட்டு வர வேண்டாம். போனிலிருந்தே அந்தக் காமிராவைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினால் போதும். என் நாற்காலி அதில் தெரிவதில்லை என்று மேரி சொல்கிறாள்.